ஊசி போடக் கற்றுத்தரும் நர்ஸ் அக்கா

ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு நாளைக்கு நான்கு ஊசி. வருடத்துக்கு எத்தனை? 1,460! காய்ச்சலுக்கு ஒரே ஒரு ஊசி போட்டாலே ஊரைக் கூட்டிவிடுவீர்கள், எனக்குத் தெரியாதா? உங்கள் வயதுப் பிள்ளைகள் சிலர் இத்தனை ஊசியையும் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். அவர்களுக்கு முதல் வகைச் சர்க்கரை நோய்.

தாத்தா, பாட்டிக்குப் பெரும்பாலும் வருவது இரண்டாம் வகை. இது வேறு. இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அங்கே சுரக்கும் இன்சுலின்தான், சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரையை உடலின் செல்களுக்குள் அனுப்புகிறது. கிருமிகளை விரட்ட வேண்டிய நம் உடலின் காவல்படையே, இன்சுலின் சுரக்கும் செல்களைத் தவறுதலாக அழித்துவிட்டால் இந்நோய் வரும். மிட்டாய் தின்றதால் வருவதல்ல. தொட்டால் ஒட்டாது. இன்சுலினை விழுங்கினால் வயிற்றில் செரித்துவிடும், அதனால்தான் ஊசி.

கோவையில் 'இதயங்கள்' அறக்கட்டளை, ஏழைப் பிள்ளைகளுக்கு இன்சுலினை இலவசமாகத் தருகிறது. ஆனால் மருந்து கையில் இருந்தால் மட்டும் போதுமா? இங்கேதான் இதற்கென்றே பயிற்சி பெற்ற நர்ஸ் அக்கா வருகிறார்.

நம் நாட்டில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலினும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, பின்னதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும். உயிருக்கே ஆபத்து! நர்ஸ் அக்கா முதலில் மூடியின் நிறத்தைத்தான் கேட்பார். ஒரே இடத்தில் குத்தினால் கட்டி விழும் என்று வயிறு, தொடை என மாற்றிப் போடச் சொல்வார். பிரிட்ஜ் இல்லாத வீட்டில், ஈரம் காயாத மண்பானையில் புட்டி நனையாமல் வைக்கக் காட்டுவார். பிரிட்ஜ் இருந்தாலும் ஐஸ் உறையும் தட்டில் வைக்கக் கூடாது. அரிசிம்பருப்பு சாதத்துக்கு எவ்வளவு மருந்து, ராகிக் களிக்கு எவ்வளவு என்பதும் அவர் பாடத்தில் உண்டு.

இந்த ஏற்பாடு பழையது. 1922-ல் கனடாவின் டொரண்டோவில், 14 வயது லியோனார்ட் தாம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். பிறகு அமெரிக்காவில் டாக்டர் எலியட் ஜாஸ்லின், நர்சுகளுக்குப் பயிற்சி தந்து நோயாளிகளின் வீட்டுக்கே அனுப்பினார். அங்கேயே தங்கிக் கற்றுக்கொடுத்தார்களாம்!

உங்கள் வகுப்பிலும் இப்படி ஒரு தோழன் இருக்கலாம். கபடி ஆடியதும் அவனுக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் சர்க்கரை இறங்கியிருக்கக்கூடும். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். தனியே விட்டுப் போகாதீர்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுக்கலாம். மயங்கிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஓடிப்போய் ஆசிரியரைக் கூப்பிடுங்கள். 108-க்குப் போன் போடச் சொல்லுங்கள்.