வட்டம் விழுந்த வயல்

இங்கிலாந்தின் தெற்கே வில்ட்ஷையர் என்றொரு பகுதி இருக்கிறது. ஸ்டோன்ஹெஞ்ச், ஏவ்பரி என்ற பழங்காலக் கல்வட்டங்கள் இங்கேதான் உள்ளன. ஜூன், ஜூலையில் இங்கே கோதுமை இடுப்பளவு வளர்ந்து நிற்கும். முதல் நாள் மாலைவரை நேராக நின்ற பயிர், சில நாள் விடியும்போது வட்டவட்டமாகப் படுத்துக் கிடக்கும். சாலையிலிருந்து பார்த்தால் வெறும் சாய்ந்த பயிர்தான். மலைச்சரிவிலிருந்தோ வானத்திலிருந்தோ பார்த்தால், கணக்கு வாத்தியார் அளந்து போட்டதுபோல் கச்சிதமான வடிவம் தெரியும். இதைத்தான் பயிர் வட்டம் என்கிறார்கள்.

யார் போடுகிறார்கள் என்ற கேள்விக்கு 1991-லேயே விடை கிடைத்துவிட்டது. சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த டக் பவர், டேவ் சோர்லி என்ற இரு நண்பர்கள், 1978 முதல் தாங்களே 200க்கும் மேற்பட்ட வட்டங்களைப் போட்டதாக 'டுடே' நாளிதழில் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவின் டல்லி என்ற ஊரில் 1966-ல் சதுப்பு நிலக் கோரை வட்டமாகச் சாய்ந்து கிடந்தது. பறக்கும் தட்டு இறங்கிய இடம் என்று அப்போது பரபரப்பானது. முன்பு ஆஸ்திரேலியாவில் வசித்த பவருக்கு அந்தச் செய்தியிலிருந்துதான் யோசனை வந்தது. கருவி ஒரு பலகையும் கயிறும். கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு பலகையைக் காலால் அழுத்தி நடந்தால் பயிர் ஒரே திசையில் படியும். நம்பாதவர்களுக்காகப் பத்திரிகைக்காரர்கள் முன்னால் ஒன்றைப் போட்டும் காட்டினார்கள். பயிர் வட்ட ஆய்வாளராகப் பேர் வாங்கியிருந்த பாட் டெல்காடோ அதைப் பார்த்து, மனிதரால் ஆகாத காரியம் என்று சான்றளித்தார். உண்மை தெரிந்ததும் ஏமாந்ததை ஒப்புக்கொண்டார்.

வயலுக்குள் காலடித் தடமே இல்லையே என்று கேட்பார்கள். அங்கே மருந்தடிக்கும் டிராக்டர் போவதற்காக வயல் நெடுகிலும் இணைகோடுகளாகத் தடம் விட்டிருப்பார்கள். வட்டம் போடுகிறவர்கள் அதன் வழியாகவே வந்து போய்விடுவார்கள். மனித வேலை அல்ல என்பதற்கு, தண்டின் கணுக்கள் வளைந்து நீண்டிருப்பதை இன்னொரு சான்றாகக் காட்டுவதுண்டு. பச்சையாக இருக்கும்போது சாய்த்த எந்தப் பயிரும் கணுவில் வளைந்து நிமிரப் பார்க்கும். நம் நெற்பயிரும் அப்படித்தான்.

இந்தப் பேச்சிலெல்லாம் விடுபட்டுப் போகிறவர், வயலுக்குச் சொந்தக்காரர்.

60 மீட்டர் குறுக்களவுள்ள ஒரு வட்டம் முழுவதும் படுத்துவிட்டால் கிட்டத்தட்ட 70 சென்ட் நிலம். பிரிட்டனில் ஹெக்டேருக்குச் சராசரியாக 8 டன் கோதுமை விளைகிறது. அந்தக் கணக்கில் 2 டன்னுக்கு மேல் விளைச்சல் தரையில் கிடக்கிறது. சாய்ந்ததை அறுக்க முடியாதா? மழைக்குச் சாய்ந்த சம்பா நெல்லை அறுத்த டெல்டா விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். மெஷினின் வெட்டும் பகுதியைத் தரையோடு தாழ்த்த வேண்டும், மண்ணும் கல்லும் சேர்ந்து உள்ளே போகும், நேரம் இழுக்கும். நடுவே மழை பெய்தால் கதிரிலேயே பூஞ்சை பிடிக்கும், முளையும் விடும்.

பண மதிப்பில் இது சில நூறு பவுண்டுதான். ஆனால் வட்டத்தைவிடப் பெரிய சேதம், அதைப் பார்க்க வருகிறவர்களால் வருகிறது. தடம் இருக்க, குறுக்கே புது வழி போடுகிறார்கள். வேலிக் கதவைத் திறந்துபோட்டுப் போகிறார்கள். இதனால்தான் பலர், வட்டம் விழுந்த அன்றே அந்தப் பகுதியை மட்டும் தாங்களே அறுத்துத் தள்ளி வடிவத்தை அழித்துவிடுகிறார்கள். தன் பயிரை முற்றுவதற்கு முன் தானே அறுத்தெறியும் நிலைக்கு ஒரு விவசாயி தள்ளப்படுவது சின்ன விஷயமல்ல.

மறுபக்கமும் உண்டு. 1996 ஜூலையில் ஸ்டோன்ஹெஞ்ச் எதிரே, நெடுஞ்சாலையை ஒட்டிய வயலில் 151 வட்டங்கள் சுருளாக வளைந்த 'ஜூலியா கணம்' என்று பேர்பெற்ற வடிவம் தோன்றியது. அந்த விவசாயி நுழைவுக் கட்டணம் வைத்தார். நான்கு வாரத்தில் சுமார் 30,000 பவுண்டு வசூலானதாக அப்போது செய்தி வந்தது. அது விதிவிலக்கு. கூட்டம் எப்போதும் வருகிற ஸ்டோன்ஹெஞ்ச் வாசலில், சாலையோரத்தில் எத்தனை வயல் இருக்கும்? மற்ற இடங்களில் விவசாயி ஓர் உண்டியலை வைத்துவிட்டு, வருகிறவரின் மனசாட்சியை நம்பியிருக்கிறார்.

நிலையான வருமானம் ஊருக்குள் போகிறது. வில்ட்ஷையரின் ஹனிஸ்ட்ரீட் கிராமத்தில் கால்வாய்க் கரையில் உள்ள 'பார்ஜ் இன்' மதுவிடுதி, பயிர் வட்ட ரசிகர்கள் கூடும் இடமாகவே பேர் பெற்றது. தங்கும் விடுதி, வழிகாட்டிச் சுற்றுலா, மேலிருந்து படமெடுக்கும் விமானப் பயணம், நாள்காட்டி, சட்டை என்று கோடைதோறும் வியாபாரம் நடக்கிறது. 2002-ல் நைட் ஷியாமளன் எடுத்த 'சைன்ஸ்' படம் இந்த மோகத்தை உலகம் முழுதும் கொண்டுபோனது. தமிழ்த் தாய்க்கு மாஹேயில் பிறந்த அவர் அந்தக் கதையை நடத்தியதும் ஒரு மக்காச்சோள விவசாயியின் வீட்டில்தான்.

ஆசியாவிலும் இது நடந்தது. 2011 ஜனவரியில் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா அருகே ஸ்லேமானில் நெல் வயலில் வட்டம் விழுந்தது. ஊரே திரண்டது. அந்நாட்டு விண்வெளி அமைப்பு, மனிதர் செய்த வேலை என்று சொன்ன பிறகும் கூட்டம் வந்தது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. அனுமதியின்றி வட்டம் போடுவது இங்கிலாந்தில் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்துச் சேதக் குற்றம். ஆனால் இருட்டில் செய்து மறைகிறவரைப் பிடிப்பது கடினம். 2000-ல் வில்ட்ஷையரில் ஒருவர் தண்டிக்கப்பட்டபோது விதித்த அபராதம் 100 பவுண்டு. யாரை அது தடுக்கும்?

முறையாகச் செய்யவும் வழி இருக்கிறது. 2013 இறுதியில் கலிஃபோர்னியாவின் சுவாலாரில் தோன்றிய பெரிய வட்டம் என்விடியா நிறுவனத்தின் விளம்பரம்; நிலத்துக்காரரின் ஒப்புதலோடு போடப்பட்டது. வட்டம் போடுகிறவர்கள் வில்ட்ஷையரிலும் இப்படிக் கேட்டு, நட்ட ஈடு கொடுத்துச் செய்யலாம். கேட்டுவிட்டால் மர்மம் போய்விடும் என்பது அவர்கள் வாதம். அந்த மர்மத்தின் விலையை இன்னொருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. படம் விற்கிறவரும் சுற்றுலா நடத்துகிறவரும் வருமானத்தில் ஒரு பங்கை அந்த வயலுக்குக் கொடுத்தாக வேண்டும்.

கோடையில் அந்தப் பக்கம் போகும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், உள்ளே போக அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். டிராக்டர் தடத்திலேயே நடங்கள், உண்டியல் இருந்தால் பணம் போடுங்கள், கதவைச் சாத்திவிட்டு வாருங்கள்.