இனிப்பு மட்டும் பரிமாறும் வலீமா: ஏன் கூடாது?

எமது ஊர்களில் வலீமா என்றாலே சஹன் சோறுதான். புரியாணி, கோழி, அச்சாறு, கடைசியில் வட்டிலப்பம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இறைச்சியும் அரிசியும் விற்கும் விலையில், நடுத்தரக் குடும்பம் ஒன்றுக்கு முன்னூறு பேருக்குச் சோறு கொடுப்பது இலேசான காரியமல்ல. ஆசிரியையாக நான் இதை அருகிலிருந்து பார்க்கிறேன். மகனின் வலீமாவுக்காக வங்கிக் கடன் எடுத்து, மாதாமாதம் சம்பளத்தில் கழிபடுவோர் எம்மிடையே இருக்கிறார்கள். நகையை அடகு வைத்தவர்களும் உண்டு. ஒரு சுன்னத்தை நிறைவேற்றப் போய் வட்டியில் விழுவதை எப்படி நியாயப்படுத்துவது?

எனது நாநாவின் மகன் தனது வலீமாவை இனிப்பு மட்டும் வைத்து நடத்த விரும்பியபோது, குடும்பத்தில் எழுந்த முதல் கேள்வி இதுதான்: "சோறில்லாம வலீமாவா மகன்? ஊர்ச் சனம் என்ன செல்லும்?"

ஊர் சொல்வதற்கு முன்னர் ஸீரா என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கைபரிலிருந்து மதீனா திரும்பும் வழியில், நபி (ஸல்) அவர்கள் ஸபிய்யா (ரழி) அவர்களை மணமுடித்து வலீமா கொடுத்தார்கள். அதில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. தோல் விரிப்பில் பேரீச்சம்பழம், உலர்ந்த பாலாடைக்கட்டி, நெய் ஆகியவையே வைக்கப்பட்டன என அனஸ் (ரழி) அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புஹாரியில் உள்ளது. இவற்றைக் கலந்து செய்யும் உணவுக்கு ஹைஸ் என்று பெயர். ஸைனப் (ரழி) அவர்களின் வலீமாவில் ஆடு அறுக்கப்பட்டது. ஆக, வசதிக்கேற்பக் கொடுப்பதே வழிமுறை. சோறும் இறைச்சியும் நிபந்தனை அல்ல.

இனி, திட்டமிடும் விதம்.

முதலாவது நேரம். பகல் ஒரு மணிக்கோ இரவு எட்டு மணிக்கோ அழைத்துவிட்டு இனிப்பைக் கொடுத்தால் வருபவர் பசியோடுதான் திரும்புவார். அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரமே பொருத்தமானது. அழைப்பிதழிலும் "இனிப்பு, தேநீர் விருந்து" என்று தெளிவாக அச்சிட வேண்டும்.

இரண்டாவது அளவு. அரைக் கிலோ கித்துள் கருப்பட்டி, பத்து முட்டை, தேங்காய்ப்பால் சேர்த்து அவிக்கும் வட்டிலப்பம் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் போதும். கூடவே தயிரும் பாணியும், மஸ்கட் அல்லது தொதல் என மூன்று வகை வைத்தால், ஒவ்வொருவரும் ஒவ்வொன்றிலும் கொஞ்சமே எடுப்பார்கள். எனவே 200 விருந்தினருக்குப் பன்னிரண்டு தட்டு வட்டிலப்பம் போதுமானது. அதாவது 120 முட்டை, 6 கிலோ கருப்பட்டி. முதல் நாளே அவித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். தொதலும் மஸ்கட்டும் அதற்கு முன்னரே செய்யக்கூடியவை. குடும்பப் பெண்கள் சேர்ந்தால் சமையல்காரர் கூலியும் மிச்சம்.

மூன்றாவது, சீனி வருத்தம் உள்ளவர்கள். இன்று அது இல்லாத வீடு அரிது. அவர்களுக்காக வெட்டிய பழங்கள், சீனி போடாத தேநீர், உறைப்பாக ஒரு ரோல்ஸ் அல்லது பெட்டிஸ் கட்டாயம் இருக்க வேண்டும். தூர இடங்களிலிருந்து பயணம் செய்து வருவோருக்கு மட்டும் வீட்டில் எளிமையாகச் சோறு சமைத்துக் கொடுங்கள். அது விருந்தாளியின் உரிமை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பல அடுக்குக் கேக், சொக்கலேட் ஊற்று, அலங்கார மேசை என்று போனால் இனிப்பு வலீமா சஹனை விடவும் செலவாகிவிடும். அப்போது எளிமை என்ற பெயரில் இன்னொரு ஆடம்பரமே உருவாகும். செல்வந்தர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமாவின் உணவையே மிகக் கெட்ட உணவு என ஹதீஸ் கண்டிக்கிறது. செலவு குறைந்தால், முன்னர் அழைக்க முடியாதிருந்த ஏழை அயலவர்களையும் அழைக்கலாம்.

ஊர்ச் சனம் ஒரு கிழமை பேசும். கடனை அந்தப் பிள்ளைகள்தான் வருடக்கணக்கில் கட்ட வேண்டும். வசதியுள்ள குடும்பங்கள் முதலில் இதைச் செய்து காட்டினால், வசதியற்றவர் வெட்கப்படாமல் பின்தொடர்வார். பள்ளிவாசல் நிர்வாகங்களும் உலமாக்களும் குத்பாக்களில் இதைப் பேச முன்வர வேண்டும்.