முதிய மகிழுந்துக்கு வீட்டிலேயே ஒரு பராமரிப்பு

பினாங்குத் தீவின் ஜோர்ஜ் டவுனில் உள்ளது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை. முன்பு இதற்குப் பிட் சாலை என்று பெயர். 1801ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், குவான் யின் கோவில், 1818ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜோர்ஜ் தேவாலயம், 1833ஆம் ஆண்டில் எழுந்த மகா மாரியம்மன் ஆலயம் ஆகியவை இந்தச் சாலையிலும் அதை ஒட்டியும் அமைந்துள்ளன. அதனால் இதை நல்லிணக்கச் சாலை என்றும் அழைப்பர். 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமாக அறிவித்த பகுதிக்குள் இச்சாலை அடங்குகிறது. உடைந்த ஓட்டை மாற்றி, உதிர்ந்த சுண்ணாம்புப் பூச்சைப் புதுப்பித்து வந்ததால்தான் இங்குள்ள பழைய கட்டடங்கள் இன்றும் நிலைத்து நிற்கின்றன.

இதே சாலையோரம் நிறுத்தப்பட்டிருக்கும் பழைய மகிழுந்துகளுக்கும் இந்த உண்மை பொருந்தும். 1985ஆம் ஆண்டில் புரோட்டோன் சாகா அறிமுகமானது. பினாங்குப் பாலம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். 1994ஆம் ஆண்டில் பெரோடுவா கஞ்சில் வந்தது. பல குடும்பங்களின் முதல் மகிழுந்தாக இருந்த இவ்வண்டிகளில் சில இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. புதிய வண்டி வாங்க வசதியில்லாத குடும்பத்திற்குப் பழைய வண்டிதான் பள்ளிக்கும் வேலைக்கும் மருத்துவமனைக்கும் துணை. அது நடுவழியில் நின்றுவிட்டால் அன்றைய வருமானமும் நின்றுவிடக்கூடும். எனவே, அதைப் பேணும் முறையை அறிவது பயனுள்ளது.

இரண்டு இலட்சம் கிலோமீட்டர் ஓடிய ஒரு மகிழுந்தை எண்ணிப் பாருங்கள். அத்தொலைவு பூமியை ஐந்து முறை சுற்றி வருவதற்குச் சமம். சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியிருந்தால், அதன் இயந்திரம் 5,000 மணி நேரம் உழைத்திருக்கும். நிமிடத்திற்கு 2,000 சுற்று எனக் கொண்டால், மொத்தம் 60 கோடி சுற்றுகள்! நான்கு வீச்சு இயந்திரத்தில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தீப்பொறி எழும். அப்படியானால், ஒவ்வோர் உருளையிலும் 30 கோடி தீப்பொறிகள் தோன்றியிருக்கும். இவ்வளவு உழைத்த பொருளில் தேய்மானம் ஏற்படுவது இயல்பே. தேய்ந்ததைக் காலத்தோடு கண்டறிந்து மாற்றுவதே பராமரிப்பின் நோக்கம்.

முற்காலத்தில் பட்டறைக்காரர்கள் ‘டியூன் அப்’ என்று கூறியது இயந்திரத்தைச் சுருதி கூட்டுவது போன்ற வேலை. கார்புரேட்டரில் காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவையும், தீப்பொறி எழும் நேரத்தையும் கையால் சரிசெய்வார்கள். பெட்ரோலைப் பீச்சியடிக்கும் கருவி வந்த பிறகு அவ்வேலையைக் கணினி ஏற்றுக்கொண்டது. ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோகிராம் காற்று தேவை. உணர்கருவிகளின் துணையோடு கணினி இந்த விகிதத்தைக் காக்கிறது. ஆனால், அடைத்துக்கொண்ட வடிகட்டியையோ தேய்ந்த பிளக்கையோ கணினியால் மாற்ற முடியாது. அது மனிதன் செய்ய வேண்டிய வேலை.

வேலையைத் தொடங்கும் முன் சில விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்துவிட வேண்டும். சாவியை எடுத்துவிட்டு, இயந்திரம் நன்றாகக் குளிரும் வரை காத்திருக்க வேண்டும். வண்டியுடன் வந்த கையேட்டை அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெயின் வகை, பிளக்கின் இடைவெளி, டயரின் காற்றழுத்தம் ஆகியவை வண்டிக்கு வண்டி மாறுபடும். மாணவர்கள் பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில்தான் இவ்வேலைகளில் ஈடுபட வேண்டும்.

முதலில் காற்று வடிகட்டியைப் பார்ப்போம். இது இயந்திரத்தின் மூக்கு போன்றது. இதை வெளியே எடுத்து வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால், மடிப்புகளின் ஊடே ஒளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தூசு அடைத்துவிட்டது என்று பொருள். காகித வடிகட்டியை நீரில் கழுவக்கூடாது. புதியதைப் பொருத்துவதே நல்லது.

அடுத்து, ஸ்பார்க் பிளக் எனப்படும் தீப்பொறிச் செருகி. எல்லாப் பிளக்குகளையும் ஒரே நேரத்தில் கழற்றக்கூடாது. ஒன்றைக் கழற்றி, பார்த்து, பொருத்திய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். கம்பிகள் இடம் மாறினால் தீப்பொறி தவறான வரிசையில் எழும், இயந்திரம் குலுங்கும். கழற்றிய பிளக், உள்ளே நடப்பதை நமக்குச் சொல்லும். அதன் முனை இளம்பழுப்பு நிறத்தில் இருந்தால் எரிதல் சீராக உள்ளது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதியாகச் செல்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், பிஸ்டன் வளையமோ வால்வு அடைப்பானோ தேய்ந்து எண்ணெய் உள்ளே கசிந்திருக்கலாம். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அளவுக்கு மீறிய வெப்பம் காரணமாகலாம். புதிய பிளக்கை முதலில் விரலால் திருகிய பின்னரே ஸ்பானரால் இறுக்க வேண்டும். தொடக்கத்திலேயே ஸ்பானரைப் பயன்படுத்தினால், மென்மையான அலுமினியத்தில் உள்ள மரைகள் சிதைந்துவிடும்.

மூன்றாவது, மசகு எண்ணெய். அளவுகோலை இழுத்துத் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் இரண்டு குறிகளுக்கு இடையில் நிற்க வேண்டும். முதிய இயந்திரம் சிறிது எண்ணெயை எரித்துவிடும் என்பதால் இதை வாரந்தோறும் பார்ப்பது நல்லது. எண்ணெய் கறுத்திருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அழுக்கைத் தன்னுள் இழுத்துக்கொள்வதே அதன் வேலை. ஆனால், அளவுகோலில் உள்ள எண்ணெய் தே தாரேக் போன்ற நிறத்தில் இருந்தால், குளிர்விக்கும் நீர் அதில் கலந்திருக்கக்கூடும். அந்நிலையில் வண்டியை ஓட்டாமல் பட்டறையை நாட வேண்டும்.

ஜோர்ஜ் டவுன் போன்ற நகரில் எண்ணெய்க்கு இன்னொரு சோதனையும் உண்டு. வீட்டிலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து கடைக்குமாக வண்டி குறுந்தொலைவே ஓடுகிறது. இயந்திரம் முழுமையாகச் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. எரிதலில் உண்டாகும் நீராவி ஆவியாகி வெளியேற வாய்ப்பின்றி எண்ணெயிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே, குறைந்த தொலைவு ஓடும் வண்டிக்கும் கையேடு கூறும் கால அளவில் எண்ணெயை மாற்ற வேண்டும். கிலோமீட்டரை மட்டும் கணக்கில் கொண்டால் போதாது.

நான்காவது, குளிர்விக்கும் அமைப்பு. வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது அக்காற்று கிடைக்காது. மின்விசிறிதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். எனவே, விசிறி சுழல்கிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். சூடாக இருக்கும் ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கக்கூடாது. உள்ளே அழுத்தம் மிகுந்திருப்பதால் நீர் 100 பாகை செல்சியசைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் குறைந்து, அந்நீர் நொடிப்பொழுதில் ஆவியாகி முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

ஐந்தாவது, மின்கலம். கடற்காற்றில் கலந்துள்ள உப்பும் ஈரமும் மின் இணைப்புகளை அரிக்கின்றன. முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ தூள் படிந்திருந்தால், நீரில் கரைத்த சமையல் சோடாவையும் பழைய பல் துலக்கியையும் கொண்டு துடைக்கலாம். அந்தத் தூள் தோலிலும் கண்ணிலும் படாதிருக்கக் கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பொருத்தும்போது அதைக் கடைசியிலும் தொட வேண்டும். வண்டியின் உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்துள்ளது. நேர்முனையைக் கழற்றும் ஸ்பானர் தவறி வண்டியின் உடலைத் தொட்டால் மின்சுற்று குறுகித் தீப்பொறி பறக்கும். எதிர்முனையை முன்பே கழற்றிவிட்டால் அந்த ஆபத்து இல்லை.

ஆறாவது, டயர். காற்றழுத்தத்தைப் பயணத்திற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அந்த டயரைப் பயன்படுத்தக்கூடாது. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அதன் வயதைக் கூறும். 2319 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. அதிகம் ஓடாத டயரும் வெயிலில் வெடிப்பு விடும்.

இவற்றோடு புகையின் நிறத்தையும் கவனியுங்கள். நீலப் புகை எண்ணெய் எரிவதையும், கரும்புகை பெட்ரோல் மிகுதியையும் காட்டும். காலையில் தோன்றி விரைவில் மறையும் வெண்புகை வெறும் நீராவிதான். அடர்ந்த வெண்புகை தொடர்ந்து வந்தால், குளிர்விக்கும் நீர் இயந்திரத்திற்குள் கசிகிறது என ஐயுற வேண்டும்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்று எண்ணுவது தவறு. பிரேக், திசைதிருப்பி, டைமிங் பெல்ட் ஆகியவை பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டியவை. பல இயந்திரங்களில் டைமிங் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி இயந்திரமே பாழாகிவிடும். பிரேக் பழுதானால் வண்டியில் இருப்பவரோடு சாலையைக் கடப்பவரின் உயிருக்கும் ஆபத்து. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் நுழைவது உயிரோடு விளையாடுவதாகும். எதைத் தொடக்கூடாது என்று அறிவதும் தொழிலறிவின் ஒரு பகுதியே.

பயன்படுத்திய எண்ணெயை என்ன செய்வது? பழைய கடைவீடுகளின் அஞ்சடி நடைவழிக்கு முன்னே கால்வாய் ஓடுகிறது. அதில் ஊற்றிய எண்ணெய் எங்கும் மறைந்துவிடாது. மழைநீரோடு கடலைச் சேரும். நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிமுறைகள் பயன்படுத்திய மசகு எண்ணெயை அட்டவணைக் கழிவாக வகைப்படுத்தியுள்ளன. அதை மூடியுள்ள கலனில் சேர்த்து, பழைய எண்ணெயைப் பெற்றுக்கொள்ளும் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும். பழைய மின்கலத்தில் ஈயமும் அமிலமும் இருப்பதால் அதையும் குப்பையில் போடக்கூடாது.

இறுதியாக, ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். நாள், ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, மாற்றிய பொருள் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். எண்ணெய் முன்னைவிட விரைவாகக் குறைகிறதா, பெட்ரோல் கூடுதலாகச் செலவாகிறதா என்பதை நினைவு மறந்தாலும் ஏடு மறக்காது. மகிழுந்து ஓட்டும் உரிமம் பெற 17 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆனால், டயரின் பள்ளத்தைப் பார்க்கவும் எண்ணெயின் அளவைக் குறித்துவைக்கவும் அந்த வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். வாரத்திற்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால், வீட்டிலுள்ள முதிய வண்டி இன்னும் சில ஆண்டுகள் குடும்பத்தைப் பாதுகாப்பாகச் சுமந்து செல்லும்.