பள்ளிகளில் மாத்திரை வழங்கல் (தமிழ்நாடு)

பள்ளிகளில் மாத்திரை வழங்கல் என்பது குடற்புழுத் தொற்றையும் இரத்தசோகையையும் குறைக்கும் பொருட்டு, ஆசிரியரின் மேற்பார்வையில் மாணவர்களுக்குப் பள்ளியிலேயே மாத்திரை கொடுக்கும் பொது நலவாழ்வுச் செயற்பாடு ஆகும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் முதலிய காவிரிப் படுகை மாவட்டங்கள் உட்படத் தமிழ்நாடு முழுவதும் இது நடைபெறுகிறது.

பின்னணி

கொக்கிப்புழுவின் முட்டைகள் மனித மலத்தின் வழியே மண்ணை அடைகின்றன. வெப்பமும் ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் அவை பொரிக்கின்றன. நீர் தேங்கிய வயலை விட, ஈரமான கொல்லைப்புறமும் வாய்க்கால் கரையும் இப்புழுவுக்கு ஏற்றவை. இளம்புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுள் புகுந்து, இறுதியில் சிறுகுடலை அடைந்து இரத்தத்தை உறிஞ்சுகின்றன. இதனால் இரும்புச்சத்துக் குறைந்து, சோர்வும் கவனக்குறைவும் உண்டாகின்றன. எனவே புழு நீக்கமும் இரும்புச்சத்து வழங்கலும் ஒன்றையொன்று சார்ந்தவை.

குடற்புழு நீக்கம்

தேசிய குடற்புழு நீக்க நாள் 2015 பிப்ரவரி 10 அன்று இந்தியாவில் தொடங்கப்பட்டது. 1 முதல் 19 வயது வரை உள்ளோருக்கு அல்பெண்டசோல் வழங்கப்படுகிறது. இரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு 400 மி.கி. மாத்திரை ஒன்றும், 1 முதல் 2 வயதுக் குழந்தைகளுக்கு அரை மாத்திரையும் உரிய அளவாகும். இம்மருந்து புழுக்கள் குளுக்கோசை உறிஞ்சுவதைத் தடுத்து அவற்றை அழிக்கிறது. மறுதொற்றைத் தடுப்பதில்லை, ஆகவே குறிப்பிட்ட இடைவெளியில் மீண்டும் வழங்கப்படுகிறது.

முதன்மையான விதிகள் பின்வருமாறு:

* மாத்திரையை ஆசிரியர் முன்னிலையில் நன்கு மென்று விழுங்க வேண்டும். சிறு குழந்தைகளுக்குப் பொடித்து நீரில் கலந்து கொடுக்க வேண்டும்.
* நோயுற்ற அல்லது வேறு மருந்து உட்கொள்ளும் மாணவருக்கு அன்று கொடுக்கக் கூடாது.
* வீட்டிற்குக் கொடுத்தனுப்பக் கூடாது, கட்டாயப்படுத்தக் கூடாது.
* உட்கொண்டவரின் பெயருக்கு எதிரே வருகைப் பதிவேட்டில் ஒரு சரிக்குறி இட வேண்டும். விடுபட்டோருக்கு மற்றொரு நாளில் கொடுத்து, இரண்டு சரிக்குறி இட வேண்டும்.

புழு மிகுந்தோருக்குக் குமட்டல், வயிற்றுவலி முதலியன சிறிது நேரம் ஏற்படலாம். அத்தகையோரை நிழலில் படுக்கவைத்து நீர் கொடுப்பது முதற்கட்ட நடவடிக்கையாகும். குறையாவிடில் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ 108 சேவைக்கோ தெரிவிக்க வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரை

வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு முறை இரும்புச்சத்து, போலிக் அமில மாத்திரை வழங்கும் திட்டம் 2013 இல் நாடளாவிய அளவில் தொடங்கியது. 2018 ஆம் ஆண்டின் இரத்தசோகையற்ற இந்தியா திட்டத்தின்படி, 10 முதல் 19 வயதினருக்கு 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் கொண்ட நீல நிற மாத்திரையும், 5 முதல் 9 வயதினருக்கு 45 மி.கி. இரும்பு கொண்ட இளஞ்சிவப்பு மாத்திரையும் உரியவை. வெறும் வயிற்றில் உட்கொண்டால் குமட்டல் உண்டாகும் என்பதால், மதிய உணவுக்குப் பின் கொடுக்கப்படுகிறது. தேநீர் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். நெல்லி, எலுமிச்சை ஆகியவை கூட்டும். மலம் கருமையாவது தீங்கற்றது.

மேற்பார்வையின் தேவை

வாரம் ஒன்று நலம் தரும் இம்மாத்திரை, பல சேர்ந்தால் நஞ்சாகும். 2023 மார்ச் மாதம் நீலகிரி மாவட்டம் உதகமண்டலத்தில், சக மாணவர்களுடன் போட்டியிட்டு இம்மாத்திரைகளை அளவுக்கு மீறி உட்கொண்ட பள்ளி மாணவி ஒருவர் உயிரிழந்தார்.

மிகையான இரும்பு முதலில் குடற்சுவரைப் புண்ணாக்கி வாந்தியையும் வயிற்றுவலியையும் உண்டாக்குகிறது. பின்னர்ச் சில மணி நேரம் நலமடைந்தது போன்ற தோற்றம் ஏற்படலாம். அதன்பின் கல்லீரல் செயலிழக்கக் கூடும். ஆகவே வாந்தி நின்றுவிட்டது என்று காத்திராமல், உடனே மருத்துவமனையில் சேர்ப்பது இன்றியமையாதது. இரும்பைப் பிணைத்து வெளியேற்றும் டெபெராக்சமின் இதற்கு மாற்று மருந்தாகும்.

மாத்திரைகளை மாணவர் கைக்கு எட்டாதவாறு பூட்டி வைத்தலும், அட்டையாகக் கொடுக்காமல் ஒவ்வொன்றாகக் கொடுத்தலும், விழுங்கியதை நேரில் உறுதி செய்தலும் இக்காரணத்தாலேயே தேவைப்படுகின்றன.