ஆளில்லா வானூர்திப் பயிற்சியில் செயற்கை நுண்ணறிவு

ஆளில்லா வானூர்தி (ட்ரோன்) என்பது விமானி உள்ளே அமராமல், தரையிலிருந்தோ முன்கூட்டியே எழுதப்பட்ட கட்டளைகளாலோ இயக்கப்படும் பறக்கும் கருவி ஆகும். இதனை இயக்கவும், பழுது பார்க்கவும், அது எடுக்கும் படங்களைப் பகுத்தறியவும் பயிற்சி பெற்றவர்கள் வேளாண்மை, நில அளவை, தொழிற்சாலை ஆய்வு, பேரிடர் மீட்பு ஆகிய துறைகளில் தேவைப்படுகின்றனர். இப்பயிற்சியில் செயற்கை நுண்ணறிவை எவ்வாறு, எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பது இன்று பல்கலைக்கழகங்களின் ஆய்வுப் பொருளாகியுள்ளது. கருவியின் துணை விலக்கப்பட்ட பின்னும் கற்றவரிடம் திறன் நிற்கிறதா என்பதே இவ்வாய்வுகளில் விடை தேட வேண்டிய முதன்மைக் கேள்வி ஆகும்.

தமிழ்நாட்டுப் பின்னணி

சென்னை குரோம்பேட்டையில் உள்ள மெட்ராஸ் தொழில்நுட்பக் கல்லூரியை (எம்.ஐ.டி.) 1949-இல் சி. இராஜம் நிறுவினார். வானூர்திப் பொறியியலைத் தொடக்கக் காலம் முதல் கற்பித்துவரும் இக்கல்லூரியில்தான் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் பயின்றார். 1978-இல் இது அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று. இவ்வளாகத்தில் இயங்கும் வான்வெளி ஆய்வு மையம், ஆளில்லா வானூர்திகளை வடிவமைப்பதிலும் மாணவர்களுக்குப் பயிற்சி அளிப்பதிலும் முன்னோடியாக விளங்குகிறது.

இம்மையத்தின் 'தக்ஷா' மாணவர் குழு 2018-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த 'மெடிக்கல் எக்ஸ்பிரஸ்' போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. தொலைவில் உள்ள ஒருவரிடமிருந்து இரத்த மாதிரியை வானூர்தி தானே பறந்து சென்று பெற்றுவர வேண்டும் என்பது போட்டியின் பணி. நடிகர் அஜித்குமார் இக்குழுவுக்கு ஆலோசகராக இருந்ததால் தமிழ்நாட்டில் பலரும் இச்செய்தியை அறிந்தனர். பின்னர் 2022-இல் தமிழ்நாடு அரசு, தமிழ்நாடு ஆளில்லா வானூர்திகள் கழகத்தை இதே வளாகத்தில் தொடங்கியது.

கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பயிருக்கு மருந்து தெளித்தல் போன்ற வேளாண் பணிகளுக்கான வானூர்தி ஆய்விலும் பயிற்சியிலும் ஈடுபட்டுள்ளது.

சட்டமும் சான்றிதழும்

இந்தியாவில் ட்ரோன் விதிகள் 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்டன. இவ்விதிகள் வானூர்திகளைச் சுமையுடன் கூடிய மொத்த எடையின்படி ஐந்தாகப் பிரிக்கின்றன.

• நேனோ: 250 கிராம் வரை
• மைக்ரோ: 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை
• சிறியது: 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை
• நடுத்தரம்: 25 கிலோவுக்கு மேல் 150 கிலோ வரை
• பெரியது: 150 கிலோவுக்கு மேல்

நேனோ வகைக்கும், வணிக நோக்கின்றி இயக்கப்படும் மைக்ரோ வகைக்கும் இயக்குநர் சான்றிதழ் தேவையில்லை. மற்றவற்றுக்குத் தேவை. சான்றிதழ் பெற 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஒப்புதல் பெற்ற நிறுவனத்தில் பயிற்சி முடித்திருக்க வேண்டும். மருந்து தெளிக்கும் வானூர்திகளில் பல சிறிய வகையைச் சேர்ந்தவை என்பதால் அவற்றை இயக்குவோருக்கும் இச்சான்றிதழ் கட்டாயம்.

வான்பரப்பு பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்களாக வரைபடத்தில் குறிக்கப்பட்டுள்ளது. பச்சை மண்டலத்தில் 400 அடி (120 மீட்டர்) உயரம் வரை பறக்க முன் அனுமதி தேவையில்லை. மஞ்சள் மண்டலத்துக்கு வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும், சிவப்பு மண்டலத்துக்கு ஒன்றிய அரசின் அனுமதியும் வேண்டும்.

பயிற்சிக் காலம் மிகக் குறுகியது. மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கான 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்தில் 5 நாள் இயக்குநர் பயிற்சியும் 10 நாள் வேளாண் பயன்பாட்டுப் பயிற்சியுமாக மொத்தம் 15 நாட்களே ஒதுக்கப்பட்டுள்ளன. இவ்வளவு குறைந்த நாட்களில் கைத்திறனை வளர்க்க வேண்டியிருப்பதால்தான் சிமுலேட்டரும் செயற்கை நுண்ணறிவும் பயிற்சிக்குள் வருகின்றன.

பயிற்சி நடைபெறும் முறை

முதற்கட்டம் வகுப்பறைப் பாடம்: விதிகள், பறத்தல் இயற்பியல், மின்கலப் பாதுகாப்பு, வானிலை. இரண்டாம் கட்டம் சிமுலேட்டர். கணினித் திரையில் வானூர்தி பறக்கும். கையில் இருப்பது உண்மையான கட்டுப்பாட்டுக் கருவி. நூறு முறை விழுந்தாலும் செலவில்லை. மூன்றாம் கட்டம் திறந்தவெளியில் ஆசிரியரின் மேற்பார்வையில் பறத்தல்.

தொடக்கநிலையாளர் அனைவருக்கும் வரும் இடர் ஒன்று உண்டு. வானூர்தியின் முகம் இயக்குபவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும்போது இடமும் வலமும் மாறிவிடும். இடப்பக்கம் செலுத்த எண்ணிக் குச்சியைத் தள்ளினால் அது அவருக்கு வலப்பக்கம் போகும். எட்டு வடிவில் பறக்கவிடும் பயிற்சி இக்குழப்பத்தைப் போக்கவே அளிக்கப்படுகிறது.

அடுத்தது, செயற்கைக்கோள் துணையின்றிப் பறத்தல். ஜிபிஎஸ் இணைப்பு இருக்கும்போது, குச்சியை விட்டுவிட்டாலும் வானூர்தி நின்ற இடத்திலேயே நிற்கும். இணைப்பு அறுந்தால் காற்றடிக்கும் திசையில் நகரத் தொடங்கும். அப்போது கையால் திருத்திப் பத்திரமாக இறக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவின் பங்கு

ஒவ்வொரு பறத்தலிலும் உயரம், சாய்வு, வேகம், மின்கல அழுத்தம், குச்சி அசைவு ஆகியவை நொடிக்குப் பலமுறை பதிவாகின்றன. ஓர் ஆசிரியர் பத்து மாணவர்களின் பதிவுகளை வரிவரியாகப் படிப்பது இயலாத செயல். கணினி அவற்றை ஒப்பிட்டு, ஒரு மாணவர் திருப்பங்களில் உயரத்தை இழக்கிறார், மற்றொருவர் இறங்கும்போது அவசரப்படுகிறார் என்று பிரித்துச் சொல்ல முடியும். அதற்கேற்ற பயிற்சியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அளிக்கலாம்.

தனிக்கவனத்தின் மதிப்பு கல்வியியலில் நெடுநாளாக அறியப்பட்டது. ஒருவருக்கு ஓர் ஆசிரியர் என்ற முறையில் கற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பறையில் கற்றோரில் 98 விழுக்காட்டினரைவிட உயர்ந்து நின்றதாகச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் புளூம் 1984-இல் எழுதினார். பின்வந்த ஆய்வுகளில் இப்பயன் இதைவிடக் குறைவாகவே காணப்பட்டது. ஆயினும் கணினியைத் தனி ஆசிரியராக்கும் முயற்சிகளுக்கு இக்கட்டுரை தூண்டுகோலாயிற்று.

இரண்டு ஆய்வுகள்

1. சூரிக் பல்கலைக்கழகம், 2023. இங்கு உருவாக்கப்பட்ட 'ஸ்விஃப்ட்' என்ற செயற்கை நுண்ணறிவு அமைப்பு, வானூர்திப் பந்தயத்தில் மூன்று மனித வாகையர்களுடன் மோதி, 25 ஓட்டங்களில் 15-இல் வென்றது. அது கற்றது பெரும்பாலும் சிமுலேட்டரில்தான். ஒரு மாதப் பறத்தலுக்கு நிகரான அனுபவத்தை ஒரு மணிநேரத்துக்கும் குறைவான கணினி நேரத்தில் பெற்றது. ஆனால் ஒளியமைப்பு போன்ற சூழல் மாற்றங்களைத் தாங்குவதில் மனிதர்களே மேம்பட்டவர்கள் என்பதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். சிமுலேட்டர் வேகமாகக் கற்பிக்கும். ஆனால் அதில் இல்லாததை அது கற்பிக்காது.

2. பென்சில்வேனியா பல்கலைக்கழகம், 2024. துருக்கியின் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ 1000 மாணவர்களிடம் கணிதப் பாடத்தில் இவ்வாய்வு நடந்தது. கேட்டதற்கெல்லாம் விடை தரும் உரையாடல் மென்பொருளைப் பயன்படுத்திய குழு, பயிற்சிக் கணக்குகளில் 48 விழுக்காடு முன்னேறியது. விடையைச் சொல்லாமல் ஆசிரியர்கள் வகுத்த குறிப்புகளை மட்டும் தரும் மென்பொருளைப் பயன்படுத்திய குழு 127 விழுக்காடு முன்னேறியது. பின்னர் இருவரிடமிருந்தும் மென்பொருளை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, முதற்குழு, மென்பொருளையே தொடாத மாணவர்களைவிட 17 விழுக்காடு குறைவாக மதிப்பெண் பெற்றது. இரண்டாம் குழுவுக்கு அத்தகைய இழப்பு இல்லை.

இரண்டாம் ஆய்வு கணிதத்தைப் பற்றியது, பறத்தலைப் பற்றியதன்று. எனினும் அதன் பாடம் இங்கும் கருதத்தக்கது. ஒவ்வொரு பிழையையும் தானே திருத்திவிடும் வானூர்தியில் மட்டும் பயின்றவர் சான்றிதழ் பெறலாம். அத்துணை நின்றுபோகும் நாளில்தான் அவர் உண்மையில் எவ்வளவு கற்றார் என்பது தெரியும்.

பொன்னேரி வட்டாரம்

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆரணியாற்றங்கரையில் அமைந்த பொன்னேரியைச் சுற்றி நெல்வயல்கள், இறால் பண்ணைகள், பழவேற்காடு ஏரி, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை ஆகியவை உள்ளன. பொன்னேரியில் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இயங்குகிறது. மாவட்டத்தின் வேளாண் அறிவியல் நிலையம் திரூரில் உள்ளது. மருந்து தெளித்தல், குளங்களைக் கண்காணித்தல், தொழிற்சாலைக் கூரைகளையும் புகைபோக்கிகளையும் ஆய்தல் என ஒரே வட்டாரத்தில் பலவகைப் பணிகளுக்கு இங்கு வாய்ப்புண்டு.

பொறுப்பும் அந்த அளவுக்குப் பெரியது. சைபர்மெத்ரின் போன்ற பைரெத்திராய்டு பூச்சிக்கொல்லிகள் இறாலுக்கும் மீனுக்கும் கொடிய நஞ்சு. நெல்வயலில் தெளிக்கும் மருந்து காற்றில் நகர்ந்து பக்கத்துக் குளத்தில் விழுந்தால் ஒரு குடும்பத்தின் முழுப்பருவ உழைப்பும் அழியக்கூடும். வயலின் எல்லையைக் கணினி துல்லியமாக வரைந்து கொடுக்கும். ஆனால் இன்றைய காற்றில் தெளிக்கலாமா, எவ்வளவு தாழப் பறக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பவற்றை நின்று பார்த்து முடிவு செய்பவர் இயக்குநரே.

மேலும், பழவேற்காடு பறவைகள் சரணாலயம், ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி மையம், எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள், வடசென்னை அனல்மின் நிலையம் ஆகியவை அருகில் உள்ளன. எனவே மண்டல வரைபடத்தைப் பார்க்காமல் இவ்வட்டாரத்தில் வானூர்தியை எழுப்பக் கூடாது.

தரவும் தனியுரிமையும்

பயிற்சி மென்பொருள் மாணவரின் ஒவ்வோர் அசைவையும் சேமிக்கிறது. வானூர்தியின் கேமரா கீழே உள்ள வீடுகளையும் மனிதர்களையும் பதிவு செய்கிறது. 2023-இன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. வானூர்தி மன்றங்கள் நடத்தும் பள்ளிகள் இதனை அறிந்திருக்க வேண்டும்.

பயிற்சியில் சேரும் முன் கேட்க வேண்டியவை

• நிறுவனம் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஒப்புதல் பெற்றதா? எந்த எடை வகைக்கு?
• சிமுலேட்டரில் எத்தனை மணிநேரம்? திறந்தவெளியில் ஒவ்வொருவருக்கும் தனியாக எத்தனை மணிநேரம்?
• ஜிபிஎஸ் துணையின்றிப் பறக்கவும் இறக்கவும் கற்பிக்கப்படுமா?
• பறத்தல் பதிவுகளைக் காட்டிப் பிழைகளை விளக்குவார்களா? பதிவின் நகல் மாணவருக்குக் கிடைக்குமா?
• மின்கலப் பராமரிப்பும் சிறு பழுது பார்த்தலும் பாடத்தில் உண்டா?
• விளக்கம் தமிழில் கிடைக்குமா?

இவற்றுக்குத் தெளிவான விடை தரும் நிறுவனத்தைத் தேர்வது நல்லது. கட்டணத்தையும் சான்றிதழையும் மட்டும் பார்த்துச் சேர்வோர், கையில் திறனின்றி வேலை தேட வேண்டிய நிலை வரலாம். செயற்கை நுண்ணறிவு பிழையைச் சுட்டிக்காட்டும் ஆசிரியராக இருக்கும்வரை அது மாணவருக்கு நன்மையே செய்யும்.