குளம்பில் வலி... ரத்தத்தில் விடை! குதிரைக்கு எதற்கு இந்த டெஸ்ட்?

குதிரை நொண்டினால், ஆணி குத்தியதா, லாடம் சரியில்லையா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ஆனா, குளம்பு சூடாக இருந்து, முன்னங்கால்களில் எடை போடாமல் பின்பக்கம் சாய்ந்து நின்றால், அது 'லேமினைட்டிஸ்' ஆக இருக்கலாம்.

அப்படின்னா என்ன?

குளம்பின் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் இணைக்கும் திசுக்கள் பலவீனமாகும் நோய் இது. முற்றினால் எலும்பே கீழே இறங்கிவிடும். மெரினாவில் சவாரி போகும் குதிரைக்கு இது வந்தால், அதை நம்பியிருக்கும் குடும்பத்தின் வருமானமும் நின்றுபோகும்.

காலில்தானே வலி, ரத்தம் எதற்கு?

குளம்புக்குள் என்ன சேதம் என்பதை எக்ஸ்-ரே காட்டும். அது ஏன் வந்தது என்பதற்கு ரத்தத்தைத்தான் பார்க்கணும். 2007-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான போனி குதிரைகளுக்கு இன்சுலின் அளவை உயர்த்தியதுமே 3 நாட்களுக்குள் லேமினைட்டிஸ் வந்தது. 2011-ல் வெளியான பின்லாந்து ஆய்வில், இந்த நோயோடு வந்த 36 குதிரைகளில் 89 சதவிகிதத்துக்கு ஹார்மோன் கோளாறு தெரிந்தது.

என்னென்ன டெஸ்ட்?

* இன்சுலின்: அதிகம் என்றால் தானியத்தைக் குறைத்து, உடல் எடையைக் கட்டுப்படுத்தணும்.
* ஏ.சி.டி.எச்: வயதான குதிரைகளுக்கு வரும் பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறைக் காட்டும். இதற்கு தினசரி மாத்திரை உண்டு.
* சிறுநீர்: இதில் லேமினைட்டிஸ் தெரியாது. ஆனா சிறுநீர் காபி நிறத்தில் போனால், பிரச்னை குளம்பில் இல்லாமல் தசையில் இருக்கலாம். தசை பாதிப்பிலும் குதிரை நடக்க மறுக்கும் என்பதால் குழப்பம் வரும்.

கடும் வலியும் பதற்றமும்கூட ஹார்மோன் அளவை ஏற்றிவிடும். அதனால், வலி தணிந்த பிறகு மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டியிருக்கலாம்.

வெயில்தான் வில்லன்

ஏ.சி.டி.எச் சூட்டில் சீக்கிரம் சிதையும். மரக்காணம் உப்பளப் பகுதி மாதிரி வெயில் கொளுத்தும் கரையில் ரத்தம் எடுத்தால், உடனே ஐஸ் பெட்டியில் வைக்கணும். கால்நடை மருத்துவக் கல்லூரி என்றால் அங்கிருந்து பக்கம் புதுச்சேரி. அடுத்தது 1903-ல் தொடங்கிய சென்னை வேப்பேரி கல்லூரி. எந்த டெஸ்ட் எங்கே எடுக்கிறார்கள் என்று முன்பே போனில் கேட்டுக்கொள்வது நல்லது.

ரிசல்ட் வரும்வரை சும்மா இருக்கக் கூடாது. தானியத்தை நிறுத்தி, மெத்தென்ற தரையில் நிற்கவிட்டு, டாக்டரை வரவழைக்கணும். 'நடந்தா சரியாகிடும்' என்று நடக்க வைப்பது சேதத்தைக் கூட்டும்.