ஏடிஎம் கொள்ளையும் திருப்பிப் போட்ட வாக்கியமும்

2023 பிப்ரவரி 12, ஞாயிறு விடியற்காலை. திருவண்ணாமலை நகரில் இரண்டு, போளூரில் ஒன்று, கலசபாக்கத்தில் ஒன்று என ஒரே இரவில் நாலு ஏடிஎம்களை காஸ் கட்டரால் அறுத்து, 70 லட்சம் ரூபாய்க்கு மேல் எடுத்துக்கொண்டு, தடயம் தெரியாமலிருக்கத் தீயும் வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு வாரத்துக்குள் போலீஸ் முதல் கைதுகளைச் செய்தது. ஹரியானாவின் மேவாத் பகுதியைச் சேர்ந்த கும்பல். கர்நாடகாவில் கோலார் தங்கவயலில் தங்கித் திட்டம் போட்டிருக்கிறார்கள்.

உடனே ஊரில் கிளம்பிய பேச்சு, "வடநாட்டான் கைவரிசையைக் காட்டிட்டான் பார்த்தீங்களா?" இது பொய்யில்லை, சிக்கலே அங்கேதான். கீழே இரண்டு வாக்கியங்கள்:

1. ஏடிஎம்மை அறுத்தவர்கள் வடக்கிலிருந்து வந்தவர்கள்.
2. வடக்கிலிருந்து வந்தவர்கள் ஏடிஎம்மை அறுப்பவர்கள்.

முதலாவதைப் போலீஸ் விசாரித்துச் சொன்னது. இரண்டாவதை யாருமே விசாரிக்கவில்லை. முதல் வாக்கியத்தைத் திருப்பிப் போட்டதும் அதுவாகவே வந்துவிட்டது. முதலாவதில் இருப்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். இரண்டாவதில் திருப்பூர் பனியன் கம்பெனி, சென்னைக் கட்டட வேலை, நம்மூர் ஓட்டல் என்று லட்சக்கணக்கான பேர். திருடாதவன் செய்தியில் வரமாட்டான், அதனால் கணக்கிலும் வருவதில்லை.

இந்தக் கும்பல் நம்மூரில் குடியிருந்து வேலை பார்த்த ஆட்களும் இல்லை, வெளியே இருந்து வந்து அடித்துவிட்டுப் போனவர்கள். அவர்களைப் பிடிக்கத் தேட வேண்டியது வண்டி, லாட்ஜ், செல்போன் டவர். ஓட்டலில் சப்பாத்தி போடுகிற பையனை முறைப்பதால் ஒரு தடயமும் கிடைக்காது.

பிறகு ஏன் மேடையில் இரண்டாவது வாக்கியம் எடுபடுகிறது? வேலை, கூலி, வாடகை பற்றி ஏற்கனவே மனக்குறை இருக்கிறது. ஒரு குற்றம் அதற்கு முகம் கொடுத்துவிடுகிறது. எந்தக் கட்சி எதிர்க்கட்சியாக இருந்தாலும் "சட்டம் ஒழுங்கு சந்தி சிரிக்குது" என்கும். ஆளுங்கட்சியாக இருந்தால் "அங்கொன்றும் இங்கொன்றுமா நடக்குது" என்கும். அந்த ஏடிஎம்மில் காவலாளி இருந்தாரா, அலாரம் அடித்ததா என்ற கேள்விக்குக் கைதட்டல் கிடைக்காது.

மூன்றே வாரத்தில் இதே கணக்கு எதிர்ப்பக்கம் ஓடியது. 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. பீகார் சட்டமன்றத்தில் அமளி. அப்போதைய டிஜிபி சைலேந்திரபாபு விளக்கம் கொடுத்தார்: ஒரு வீடியோ திருப்பூரில் பீகார் தொழிலாளர்களே இரண்டு கோஷ்டியாக மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழுவும் நேரில் வந்து பார்த்தது. ஹோலிக்கு ஊர் போன ரயில் கூட்டத்தைக்கூட "உயிர் பயத்தில் ஓடுகிறார்கள்" என்று காட்டினார்கள். நிஜமாகவே பயந்து ஊர் திரும்பியவர்களும் உண்டு.

நாம் "வடநாட்டான்" என்றோம், அங்கே "தமிழன்" என்றார்கள். சூத்திரம் ஒன்றுதான்.

அடுத்த முறை வாட்ஸப்பில் குற்றச் செய்தி வந்தால் மூன்று கேள்வி போதும்: எங்கே, எப்போது நடந்தது? செய்தவர் எத்தனை பேர்? அவர்களைச் சுட்டும் சொல்லுக்குள் மொத்தம் எத்தனை பேர் அடங்குவார்கள்? பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் வெளியூர்க்காரர்கள் கிரிவலம் வரும் நம்ம ஊருக்கு மூன்றாவது கேள்வி ரொம்ப முக்கியம்.